ஓடைப் பாதையை விட்டுவிடுங்கள்: எங்கள் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், கோடை சீசன் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர் ஐயா அவர்களுக்கும்:

ஏப்ரல் மூன்றாவது வாரம், திங்களும் செவ்வாயும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொடங்கிக் கல்பாலம் வரை போகும் ஓடைப் பாதையில் இரண்டு ஓரத்திலும் களைக்கொல்லி அடித்தார்கள். முதுகில் டப்பா மாட்டிய நாலு பேர் வந்தார்கள். மருந்து எட்டாத இடத்தை எந்திரத்தால் தரைமட்டத்துக்கு வெட்டினார்கள். புதன்கிழமை பொக்லைன் இறங்கி, மேல்கரையில் அறுபது அடிக்குக் கல்லையும் வேரையும் பெயர்த்துப் போட்டது. இப்போது அந்த அறுபது அடிக்கும் சிமென்ட் சுவர் நிற்கிறது. அடுத்து, கல்பாலம் வரை இரு கரையிலும் சுவர், பாதை முழுக்க பேவர் பிளாக் கல், இருபது அடிக்கு ஒரு விளக்குக் கம்பம் என்று மன்ற அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது. ஜூன் முதல் வாரம் வேலை தொடங்குமாம்.

இரண்டு முறை நேரில் வந்து சொன்னேன். "சீசன் முடியட்டும் டீச்சர், பார்ப்போம்" என்று பதில் வந்தது. சீசன் முடிவதற்குள் சுவர் கல்பாலத்தைத் தொட்டுவிடும். அதனால்தான் ஊர் முழுக்கப் படிக்கும்படி இதை எழுதுகிறேன். மருந்து அடித்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கையுறைகூடக் கொடுக்காமல் அவர்களை அந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நான் பழனி மலைத்தொடரின் இந்தக் கீழ்மலையில் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஏப்ரல், மே மாதச் சனிக்கிழமைகளில், வர விரும்பும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஒன்றேகால் கிலோமீட்டர் நடப்பது வழக்கம். காலை எட்டரைக்குக் கிளம்புவோம். அதற்கு முன்னால் போய்ப் பிரயோசனம் இல்லை. பட்டாம்பூச்சிக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது. சிறகை விரித்து வெயில் காய்ந்த பிறகுதான் பறக்கும். பதினொன்றரைக்கு மேல் மேகம் ஏறிவிடும். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு. பார்த்ததைப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். ஏழு நோட்டு நிரம்பியிருக்கிறது.

அந்த நோட்டுகளை வைத்துத்தான் பேசுகிறேன். போன வருடம் மே முதல் சனிக்கிழமை, 34 வகைப் பட்டாம்பூச்சி எழுதியிருக்கிறார்கள். இந்த வருடம் அதே சனிக்கிழமை, அதே நேரம், நல்ல வெயில்: 11. ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது என்பதால் அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போனோம். 9, அப்புறம் 12. மழை குறைவு, காற்று சரியில்லை என்று காரணம் சொல்லலாம்தான். ஆனால் கல்பாலத்தைத் தாண்டி, மருந்து படாத காப்பித் தோட்டத்து ஓரம் வழியாக இன்னும் அரை கிலோமீட்டர் நடந்தால் அதே காலையில் 27 வகை பார்த்தோம். மழையும் காற்றும் அந்தப் பக்கத்துக்கும் ஒன்றுதானே?

தலைவர் அவர்களே, உங்கள் வேலைத்திட்டத்தில் "புதர், களை, குப்பை அகற்றல்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குள் என்னென்ன இருந்தது என்று பாதையில் நடந்தபடியே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டியதும் வலப்பக்கம் கிலுகிலுப்பைச் செடிகள் இருந்தன. மஞ்சள் பூ, காய்ந்த நெற்றை ஆட்டினால் சலசலக்கும். பிள்ளைகள் ஒடித்து விளையாடும் செடி. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் அந்தச் செடியில் பூவுக்காக மட்டும் உட்காருவதில்லை. வாடிய இலையிலும் நெற்றிலும் ஆண் பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு உறிஞ்சும். அதில் ஒரு கசப்புச் சத்து இருக்கிறது. பெண்ணைக் கவரும் வாசனையை அந்தச் சத்திலிருந்துதான் ஆண் பூச்சி தயாரிக்கிறது. பறவைகள் கொத்தாமல் இருப்பதற்கும் அதுவே காவல். ஒரே செடியில் நாற்பது, ஐம்பது கூட உட்கார்ந்திருக்கும். அருகில் போனால்கூட எழுந்திருக்காது, அவ்வளவு கவனம். அந்த வரிசை முழுக்க இப்போது பழுத்த புகையிலை நிறத்தில் படுத்துக் கிடக்கிறது.

அடுத்த வளைவில் சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் மேல் ஈஸ்வரமூலிக் கொடி ஏறியிருந்தது. "மரத்தைச் சுற்றிய களை" என்று அதை அடியோடு அறுத்திருக்கிறார்கள். நம் மலையில் பறக்கிற பட்டாம்பூச்சிகளிலேயே பெரியது பொன்னழகி. சிறகை விரித்தால் 14 முதல் 19 சென்டிமீட்டர் வரும். கருப்பு முன்சிறகு, பொன் மஞ்சள் பின்சிறகு. மர உச்சியில் போகும்போது சின்னப் பறவை என்றுதான் நினைப்போம். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதன் புழு தின்னக்கூடிய இலை ஈஸ்வரமூலியும் அதற்கு நெருங்கிய உறவான ஒன்றிரண்டு செடிகளும்தான். சிவப்புடல் அழகிக்கும் ரோஜா அழகிக்கும் அதே கதை. மற்ற இலை நூறு இருந்தாலும் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. மருந்து அடித்த நாலாம் நாள், கருஞ்சிவப்புப் புழுக்கள் ஏழு, வாடிய கொடியை விட்டு இறங்கிப் பக்கத்துத் தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தன. எங்கே போகும்? பிள்ளைகள் அவற்றை இலையில் ஏந்திக்கொண்டு போய்க் காப்பித் தோட்டத்துக் கொடியில் விட்டார்கள். மூன்று பிழைத்தன.

கொஞ்சம் தள்ளி, வெட்டிய கொப்புகளைக் குவித்து வைத்திருந்த இடம். தீ வைப்பதற்காகக் காத்திருந்த குவியல் அது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பளியர் பழங்குடி மக்களின் குடியிருப்பிலிருந்து வருகிறவள், முன்பு ஒரு நாள் எனக்கே சொல்லிக் கொடுத்தாள்: "பூவைப் பாக்காதீங்க டீச்சர், எலைக்கு அடியில பாருங்க." அன்றும் அவள்தான் குவியலில் கிடந்த அரளிக் கொப்பைத் திருப்பிப் பார்த்தாள். இலைக்கு அடியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு தொங்கியது. பார்த்தவர்களுக்குத் தெரியும்: முழுக்கப் பொன் முலாம் பூசியது போல இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முகத்தை அருகில் கொண்டுபோனால் நம் முகமே அதில் வளைந்து தெரியும். எங்கள் பதினாலு பேரின் தலையும் அதில் வரிசையாகத் தெரிந்தது. ஒரு பையன் கேட்டான், "இது உசுரோட இருக்கா டீச்சர்?"

குவியலைக் கலைத்து 22 கூடு எடுத்தோம். என் வீட்டுத் திண்ணையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். எட்டு, ஒன்பது நாளில் 6 வெளியே வந்தன. மற்றவை கறுத்துச் சுருங்கிவிட்டன. எரித்த மற்ற குவியல்களில் எத்தனை இருந்தது என்று கணக்கெடுக்க எனக்கு வழியில்லை.

இனி ஓடை.

பொக்லைன் பெயர்த்த அந்த அறுபது அடியில் ஒரு மணல் திட்டு இருந்தது. கோடை மழை பெய்த மறுநாள் அங்கே மணல் ஈரமாக இருக்கும். வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாக ஆண் பட்டாம்பூச்சிகள் சிறகை மடித்து நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சும். தாகத்துக்காக இல்லை, மண்ணில் கரைந்திருக்கும் உப்புக்காக. தேனில் அந்த உப்பு அவ்வளவாகக் கிடைக்காது. ஆண் சேர்த்த உப்பு, இணை சேரும்போது பெண்ணுக்கும் அதன் வழியாக முட்டைக்கும் போகிறது. வேலைத்திட்டத்தில் அந்த இடத்துக்கு "சேறு" என்று பெயர். இன்று அங்கே சிமென்ட் தளம். போன சனிக்கிழமை இரண்டு வெள்ளைப் பூச்சிகள் வந்து சிமென்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. பட்டாம்பூச்சி காலாலும் ருசி பார்க்கும்.

தட்டானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், செடி வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஓடைக்கு அந்தப் பதில் செல்லாது.

நாம் பார்க்கும் தட்டான் சில வாரம்தான் பறக்கிறது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சில வகைகள் வருடக்கணக்கில், தண்ணீருக்குள் வாழ்கின்றன. கல்லுக்கு அடியில், வேர் இடுக்கில், ஊறிய சருகுக்குள் பதுங்கியிருக்கும். மண் நிறத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கீழ்த்தாடை கைபோல் மடங்கியிருக்கும். கொசுப் புழு பக்கத்தில் வந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் நீட்டிப் பிடித்துவிடும். வளர்ந்ததும் ஒரு விடியலில் கல்லின் மேலோ கோரைத் தண்டின் மேலோ ஏறி நின்று, முதுகு பிளந்து வெளியே வரும். அந்தக் காய்ந்த தோல் கல்லைப் பிடித்தபடியே நிற்கும். எங்கள் பிள்ளைகள் அதற்குத் "தட்டான் சட்டை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மே மாதம் மணல் திட்டு இருந்த அந்த வளைவில் மட்டும் தீப்பெட்டி நிறையச் சேர்ப்பார்கள். ஒரு சட்டையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், கண் இருந்த இடம் இரண்டும் கண்ணாடிக் குமிழ் போல, மீசை வரை முழுசாக இருக்கும்.

அந்த ஓடையில் ஓர் ஊசித்தட்டான் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு நிறமாகச் சருகுபோல் இருக்கும். ஆண் பின்சிறகைத் திறந்ததும் பச்சை உலோகம் போல் ஒரு வெளிச்சம் அடித்துவிட்டு மறையும். மறுபடி மூடிக்கொண்டால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிள்ளைகள் அதைப் "பச்சைக் கண்ணாடி" என்பார்கள். பெண், முட்டையிடுவதற்காகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி, ஓடும் நீரில் மூழ்கிய வேரில் முட்டையைச் செருகிவிட்டு மேலே வரும். நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆண் மேலே கல்லில் உட்கார்ந்து காவல் இருந்தது. சிறகெல்லாம் வெள்ளிக் குமிழ் ஒட்டியிருக்க அவள் மேலே வந்ததைப் பார்த்த மூன்று பிள்ளைகளும் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவே இல்லை.

அதற்குத் தேவை: ஓடும் தெளிந்த நீர், நீரில் மூழ்கிய வேர், உருண்டைக் கல், மேலே மரநிழல். சிமென்ட் சுவர் வந்தால் வேர் இல்லை. கல்லை வாரினால் பதுங்க இடமில்லை. கரை மரத்தை வெட்டினால் நிழல் இல்லை, தண்ணீர் சூடேறிவிடும். எது மறுபடி முளைக்கும், பொறியாளர் ஐயா? இந்த வருடம் பொக்லைன் அள்ளிக் கொட்டிய கல்லோடு அடுத்த வருடத்துத் தட்டானும் போய்விட்டது. போன மே மாதம் அந்த வளைவில் 41 சட்டை எடுத்தோம். இந்த மே மாதம் 3.

நீங்கள் சொன்ன காரணங்களை நான் மதிக்காமல் இல்லை. ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வளைவில் புதர் மறைக்கிறது, பைக்கில் வருகிறவர்களுக்கு எதிர்வண்டி தெரியவில்லை என்றீர்கள். உண்மை. சாலையின் இரண்டு வளைவில் அப்படித்தான் இருந்தது. அங்கே வெட்டத்தான் வேண்டும். ஆனால் வண்டியே போகாத ஒன்றேகால் கிலோமீட்டர் நடைபாதைக்கு அந்தக் காரணம் பொருந்துமா?

பாம்பு பயம் என்றீர்கள். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பாதையில் நான் பாம்பைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். நடைத்தடத்தின் இரு ஓரமும் இரண்டு அடி அகலம் அரிவாளால் சுத்தமாக இருந்தால் போதும். அதற்கு மருந்து வேண்டாம்.

கொசு என்றார் ஓர் உறுப்பினர். ஓடும் ஓடையில் கொசு அவ்வளவாகப் பெருகாது. தேங்கும் தண்ணீரில்தான் அதிகம் பெருகும். இப்போது சுவருக்கும் பழைய கரைக்கும் நடுவில் அரையடிக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொசுப் புழு நெளிவதை வந்து பாருங்கள். அதைத் தின்னும் தட்டான் குஞ்சுகளைத்தான் அள்ளிக் கொட்டியிருக்கிறோம்.

உண்ணிச்செடி அந்நியச் செடி, அதை ஒழிக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். வேண்டும். உண்ணிச்செடியும் சீகை மரமும் நம் மலையை எப்படி மூடிவிட்டன என்பது எனக்கும் தெரியும். அதன் பூவில் பட்டாம்பூச்சிகள் தேன் குடிப்பதும் தெரியும், அதற்காக அதை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து உண்ணிச்செடியையும் ஈஸ்வரமூலியையும் பிரித்துப் பார்க்காது. மண்வெட்டி பிடித்த கை பார்க்கும். தோட்டங்களில் களைவெட்டும் நம் ஊர்ப் பெண்களுக்கு எது எந்தச் செடி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தச் செலவில் பாதியை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் உண்ணிச்செடி மட்டும் வேரோடு போயிருக்கும்.

சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், ஊருக்கு வருமானம் என்பதுதான் கடைசிக் காரணம். இதில்தான் எனக்கு மிகவும் ஆதங்கம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். மேலே நெரிசல் தாங்காமல் கீழ்மலைக்கு இறங்கி வருகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் பேவர் பிளாக் பாதையா இருக்கிறது? அது வத்தலக்குண்டிலும் இருக்கிறது, திண்டுக்கல்லிலும் இருக்கிறது. போன வருடம் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் மணல் திட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. எழுந்து போய்க் கடைத்தெருவில் சாப்பிட்டு, காப்பித் தூளும் மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கல்பாலத்துக்குப் பத்தடி மேலே, கரையில், வயதான நீரடிமுத்து மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் சிவப்பு மையால் 7 என்று எண் போட்டிருக்கிறது. சுவர் அந்த வழியாகப் போகிறது என்று விசாரித்தபோது சொன்னார்கள். தமிழ் மறவன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியை 2019-இல் நம் மாநில அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. பாடப் புத்தகத்துக்கு வெளியே அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இருந்த ஒரே இடம் அந்த மரத்தடி. அதன் புழு நீரடிமுத்து இலையைத் தின்று வளர்வது. மாநில மரம், மாநிலப் பறவை என்று வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு, மாநிலப் பட்டாம்பூச்சி முட்டையிடும் மரத்தில் வெட்டு எண்ணைப் பார்த்து நின்ற பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? இதையுமா வெட்டுவார்கள் என்று கேட்டவன் உங்கள் உறுப்பினர் ஒருவரின் பேரன்தான்.

குடிதண்ணீரையும் யோசியுங்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழ்த்தெருத் தொட்டிக்குப் போகிறது. மருந்து அடித்த இடத்துக்கும் தண்ணீருக்கும் பல இடத்தில் ஆறு அடிகூட இல்லை. அடித்த மூன்றாம் நாள் கோடை மழை கொட்டியது. அடித்தது என்ன மருந்து, எவ்வளவு கலந்தது என்று கேட்டதற்கு இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை. கீழ்த்தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

மே 1 கிராம சபையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையைப் பற்றி ஒரு வரியும் வாசிக்கப்படவில்லை. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள உயிர்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அந்தப் பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால், மருந்து வாங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்திருப்பார்.

இப்போது மே கடைசி வாரம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன் கருநீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டம் கூட்டமாக மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்கும் நாட்கள் இவை. அக்டோபர், நவம்பரில் அதே வழியில் திரும்ப மேலே ஏறும். நடுவில் இளைப்பாறித் தேன் குடித்துப் போகும் இடங்களில் நம் ஓடைப் பாதையும் ஒன்று. அவை திரும்பி வருவதற்குள் சரிசெய்ய நமக்கு ஐந்து மாதம் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன்.

ஜூன் முதல் வாரம் தொடங்கவிருக்கும் இரண்டாம் கட்ட வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். சுவர், பேவர் பிளாக், விளக்குக் கம்பம் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரவு முழுக்க எரியும் விளக்கு பூச்சிகளை இழுத்துக் கொல்லும். பாதையில் இரவில் நடப்பவரும் யாருமில்லை. ஆகஸ்ட் 15 வரை காத்திராமல் சிறப்புக் கிராம சபை கூட்டி, வேலைத்திட்டம் முழுவதையும் மதிப்பீட்டோடு வாசியுங்கள்.

நீரடிமுத்து மரத்தில் போட்ட எண்ணை அழியுங்கள். இதை மட்டும் நாளைக்கே செய்யலாம்.

அடித்த மருந்தின் பெயரையும் அளவையும் மன்றப் பலகையில் எழுதிப் போடுங்கள். கீழ்த்தெருத் தொட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவையும் அதே பலகையில் ஒட்டுங்கள். ஓடையின் இரு கரையிலும், பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் இனி எந்தக் களைக்கொல்லியும் அடிப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள்.

களை எடுப்பதைக் கையால் எடுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். காப்பியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்து துளிர் விடுவதற்கு முன், பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். இந்த வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம் என்று மாற்றி எடுத்தால் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் இலை இருக்கும். கிலுகிலுப்பை, ஈஸ்வரமூலி, எருக்கு, காட்டு நாரத்தை இந்த நான்கையும் தொடக் கூடாது என்று வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். வெட்டிய கொப்பைத் தீ வைக்காமல் பத்து நாள் ஓரமாகப் போட்டு வைத்தால் கூட்டுக்குள் இருப்பவற்றில் சிலவாவது வெளியே வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய அறுபது அடிச் சுவரை இடிக்கச் சொல்லவில்லை. அதன் கால்மாட்டில், பெயர்த்துக் கரையில் கொட்டியிருக்கும் அதே உருண்டைக் கற்களைத் திரும்ப ஓடையில் போடுங்கள். மணல் திட்டு இருந்த இடத்தில் பத்தடிக்குச் சிமென்ட் தளத்தை மட்டும் உடைத்து எடுங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வடிகால் விடுங்கள். கல் தூக்கப் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் முப்பது பேர் வரத் தயார் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களின் பெயரை வெளியிடுங்கள். இல்லையென்றால் புதிதாக அமையுங்கள். அதில் பளியர் குடியிருப்பிலிருந்து இருவரையாவது சேருங்கள். எங்கள் ஏழு நோட்டையும் பதிவேட்டுக்காகக் கொடுக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் பிள்ளைகள் கைப்பட வரைந்த படங்கள் இருக்கின்றன.

வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு வழக்கம்போல் பள்ளிக்கூடத்துப் பின்வாசலில் இருப்போம். தலைவரும் பொறியாளர் ஐயாவும் எங்களோடு கல்பாலம் வரை ஒரு முறை நடந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். ஜூன் 1-க்குள் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவும், மாவட்ட ஆட்சியருக்கு முறையீடும் அதே நாளில் அனுப்புவேன். இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓடைப் பாதைப் பிள்ளைகளின் டீச்சர்
கீழ்மலை, பழனி மலைத்தொடர்